பிரிண்டர் மேல் ஒட்டியிருந்த ஐபி சீட்டுகள்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் நெட்வொர்க் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு தளக் கட்டடம். கீழே டேலி ஓடும் விண்டோஸ் கணினிகள், ஸ்கேனரோடு சேர்ந்த பெரிய நெட்வொர்க் பிரிண்டர், மூலையில் சிசிடிவி பெட்டி. மாடியில் ஆடிட்டர் சாரின் அறை, ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர்கள், அவர்களுடைய சொந்த லேப்டாப்கள். யூஎஸ்பி மட்டுமே உள்ள பழைய லேசர் பிரிண்டர் ஒன்றும் மாடியில் உண்டு. டோனர் மலிவு என்பதால் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை.

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் ஒழுங்கானவர். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான எண்ணை, எழுதிச் சீட்டு ஒட்டிவைத்திருந்தார். பல வருஷம் அது நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்து ஆள் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார். பழைய ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது, புதியது 192.168.1 என்று கொடுத்தது. அதோடு எல்லாச் சீட்டும் பொய்யானது. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி நெருங்கும் வாரம் வேறு. கணக்கு பார்க்கும் அக்கா போனில், “தம்பி, பிரிண்டர் ஆஃப்லைன்னு வருது, ஆனா லைட் எரியுது” என்றார்.

முகவரிகளைத் திருத்திப் புதுச் சீட்டு ஒட்டியிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். அடுத்த ரவுட்டர் வரும்போது மறுபடியும் இதே கதைதான். எனவே எண்ணை மறந்துவிட்டுப் பெயரை வைத்தே எல்லாப் பொருளும் கண்ணில் படும்படி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். சர்வீஸ் டிஸ்கவரி என்று சொல்கிறார்களே, அதுதான். இந்த வேலையில் எனக்கு உறைத்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: நெட்வொர்க்கில் ஒரு பொருளை எட்ட முடிவது வேறு, அது கண்ணில் படுவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தேடுவதில்தான் பாதி நேரம் வீணாகும்.

எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, “இந்த நம்பர் கார்க்காரர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தவும்” என்பார்கள். சொல்பவருக்கு அது யார் வண்டி என்று தெரியாது. மண்டபத்தில் எல்லார் காதிலும் விழும், உரியவர் மட்டும் எழுந்து போவார். வெளியே டீக்கடையில் நிற்பவருக்குக் கேட்காது. டிஎன்எஸ் என்பது பெயருக்கு ஐபி எண்ணைத் தேடித் தரும் முறை, மல்டிகாஸ்ட் என்பது ஒரு குழுவுக்கே சேர்த்துச் சொல்வது. மல்டிகாஸ்ட் டிஎன்எஸ், சுருக்கமாக எம்டிஎன்எஸ், செய்வது இதையேதான். 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, யூடிபி 5353 என்ற போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண் மாதிரி), “பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா” என்று ஒரு கேள்வி போகும். இருக்கிற பிரிண்டர்கள் பதில் சொல்லும். நடுவில் சர்வர் கிடையாது, யாரும் எதையும் பதிவு செய்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. அப்படித்தான் அதை வகுத்திருக்கிறார்கள்.

பதில் நாலு துண்டாக வரும். முதலில் இன்ன வகைச் சேவை இன்ன பெயரில் இருக்கிறது என்று ஒரு பிடிஆர் பதிவு. அடுத்து அந்தச் சேவை எந்தக் கணினியில், எந்தப் போர்ட்டில் என்று எஸ்ஆர்வி பதிவு. உபரித் தகவலுக்கு டிஎக்ஸ்டி பதிவு. கடைசியாக அந்தக் கணினியின் பெயருக்கு ஐபி எண் என்ன என்று ஏ பதிவு. வழக்கமான டிஎன்எஸ் பதிவுகளேதான், வரும் வழிதான் புதுசு. இந்த நான்கில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆப்பிள் இதை 2002-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-இல் ராந்தேவூ என்ற பெயரில் கொண்டுவந்தது. வர்த்தகப் பெயர் வழக்கு ஒன்று வந்ததால் 2005-இல் போன்ஜூர் என்று மாற்றினார்கள். ஸ்டூவர்ட் செஷயர், மார்க் குரோக்மல் இருவரும் இதற்கான விதிகளை எழுதிய ஆர்எஃப்சி 6762, 6763 ஆகிய இரண்டு இணையத் தர ஆவணங்களும் 2013 பிப்ரவரியில் வெளியாயின. லினக்ஸில் இதே வேலையைச் செய்வது அவாஹி. மடகாஸ்கரில் வாழும் ஒரு லெமூர் இனத்தின் பெயர் அது. சரி, அலுவலகத்துக்கு வருவோம்.

கிடங்கில் கிடந்த பழைய மினி பிசி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸை ஏற்றினேன். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியும் போதும்தான். ஆனால் அதில் இருப்பது ஏஆர்எம் சில்லு, அந்தப் பழைய லேசர் பிரிண்டருக்கு அதற்கான டிரைவர் கிடைக்கவில்லை. வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மினி பிசிக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘கணக்கு’ என்று பெயர் வைத்தேன். அவாஹி டீமனை (பின்னணியில் ஓடும் அதன் நிரலை) நிறுவியதுமே ‘கணக்கு.லோக்கல்’ என்ற பெயர் அந்த நெட்வொர்க்கில் உயிர்பெற்றுவிடும். இதற்கு எந்தக் கோப்பையும் தொட வேண்டாம்.

லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து அந்தப் பெயரைத் தேட வேண்டுமானால் இன்னொரு துண்டு வேண்டும். லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் என்ற பொதியை நிறுவினால் ஈடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில் ‘எம்டிஎன்எஸ்4_மினிமல்’ என்று ஒரு சொல் சேரும். அது ‘டிஎன்எஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போனால் பயனில்லை. அவாஹி ஓடுகிறது, பிரிண்டர் பட்டியலிலும் தெரிகிறது, ஆனால் பிங் அடித்தால் பெயர் தெரியவில்லை என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரிதான்.

பழைய பிரிண்டரை யூஎஸ்பியில் மினி பிசியோடு இணைத்து, கப்ஸ் என்ற பிரிண்டர் மென்பொருளில் சேர்த்து, பகிரலாம் என்று டிக் போட்டேன். அவ்வளவுதான். அதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் வேலையைக் கப்ஸே அவாஹி வழியாகச் செய்துவிடுகிறது. ஐபோனிலிருந்து நேராகப் பிரிண்ட் எடுக்க உதவும் ஏர்பிரிண்ட் பட்டியலிலும் அது தானாக வந்து நின்றது. ஏர்பிரிண்ட் வந்த 2010-ஆம் வருஷத்துக்கும் முந்தைய பிரிண்டர் அது. ஆடிட்டர் சார் போனிலிருந்தே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, “இது இத்தனை நாள் எங்கய்யா இருந்துச்சு” என்றார்.

இங்கே தமிழில் பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சேவையின் பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைதான். ஆனால் 63 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழில் உயிர்மெய்யின் மெய்க்கு மூன்று பைட், மேலே போடும் புள்ளிக்கு மூன்று, கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே மூன்று. ‘மாடி பிரிண்டர்’ என்பதற்கு 40 பைட் ஆகும். ‘கீழ்த்தள வரவேற்பறை பிரிண்டர்’ என்று வைத்தால் 80, அடங்காது. போதாக்குறைக்குக் கப்ஸ் அந்தப் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். சின்னதாக வையுங்கள். இடத்தைச் சொல்ல வேண்டுமானால் கப்ஸில் ‘லொகேஷன்’ என்ற கட்டத்தில் எழுதலாம். அது டிஎக்ஸ்டி பதிவில் போய்விடும், பல கருவிகள் அதைப் பெயருக்குக் கீழே காட்டும். கணினியின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கேன் செய்த ஆவணங்கள் சேரும் ஃபோல்டரைச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் பகிர்ந்தேன். மேக் வைத்திருந்த மாணவருக்கு அது உடனே தெரிந்தது. விண்டோஸ் கணினிகளில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் வெறுமை. இதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் 10 ‘.லோக்கல்’ பெயர்களைப் புரிந்துகொள்ளும், எம்டிஎன்எஸ் பிரிண்டரையும் கண்டுபிடிக்கும். ஆனால் எக்ஸ்புளோரரின் நெட்வொர்க் பட்டியல் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற தனி வழியில் நிரம்புகிறது. அதற்கு முகவரி 239.255.255.250, போர்ட் 3702. முன்பெல்லாம் எஸ்எம்பி என்ற விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பை ஒட்டிய பழைய முறையில் அந்தப் பட்டியல் வந்துகொண்டிருந்தது. வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் மென்பொருள் தாக்கிய அதே 2017-இல், அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அந்த முதல் பதிப்பு இருப்பதில்லை. அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் அறிவுரைகள் இன்னும் உலவுகின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள். லினக்ஸ் பெட்டியில் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்ன மென்பொருளை நிறுவினால் போதும். அதை நிறுவி, பின்னால் சொல்லப்போகும் மாடி ரவுட்டரையும் சரிசெய்த பிறகு எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ‘கணக்கு’ தலைகாட்டியது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, மற்ற கணினிகள் இதைக் கண்டுகொள்ளலாமா என்று கேட்டிருக்கும், யாரோ ‘இல்லை’ என்று தட்டியிருப்பார்கள். ‘பிரைவேட்’ என்று மாற்றியதும் சரியானது.

இனி மாடி. இதற்குத்தான் அதிக நேரம் போனது. மாடியில் வைஃபை சரியாக எட்டாததால் யாரோ தனி வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதன் ‘வான்’ துளையில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், செருகிவைத்திருந்தார்கள். நம் ஊரில் பாதி அலுவலகங்களில் இப்படித்தான் இருக்கும். இணையம் வரும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டு, முகவரி மாற்றும் வேலையையும் நடுவில் நின்று செய்துகொண்டிருந்தது. மாடி லேப்டாப்பில் கீழ்த்தளப் பிரிண்டரின் ஐபி எண்ணை அடித்தால் அதன் பக்கம் திறக்கிறது, பிரிண்ட்டும் வருகிறது. “நெட்வொர்க் நல்லாத்தானே இருக்கு” என்று எல்லாரும் சொல்ல அதுவே காரணம். ஆனால் பட்டியலில் தேடினால் அந்தப் பிரிண்டர் இல்லை. எட்ட முடிகிறது, கண்ணில் படவில்லை. எண்ணைக் குறித்து அனுப்பினால் ரவுட்டர் கடத்திவிடும். எல்லாருக்குமான குரலைக் கடத்தாது. கீழிருந்து மேலே பார்த்தால் இன்னும் மோசம். அங்கே இருப்பது ஒன்றுமே தெரியாது, எண் தெரிந்தாலும் எட்டாது.

தீர்வு எளிது. மாடி ரவுட்டரை ‘அக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றினேன். அந்த வசதி இல்லாத பழைய பெட்டியாக இருந்தால் அதன் டிஹெச்சிபி-யை (ஐபி எண்களைத் தானாகப் பங்கிடும் வசதியை) அணைத்து, அதற்கு மோதாத ஓர் ஐபி எண்ணைக் கொடுத்து, கேபிளை ‘வான்’ துளையிலிருந்து எடுத்து உள் நெட்வொர்க்குக்கான ‘லேன்’ துளையில் செருக வேண்டும். இதில் வரிசை முக்கியம்: செட்டிங் முதலில், கேபிள் பிறகு. தலைகீழாகச் செய்தால் இரண்டு டிஹெச்சிபி-கள் ஒரே நெட்வொர்க்கில் போட்டி போடும், கீழே நடந்துகொண்டிருக்கும் வேலையும் நின்றுவிடும்.

மாற்றிய பிறகு மாடிக்கும் கீழுக்கும் எல்லாம் தெரிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மாடி வைஃபையில் இருந்த போன்களின் பட்டியலிலிருந்து கீழ்த்தளப் பிரிண்டர் மட்டும் மறைந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி வரும், அப்புறம் மறையும். ஆளாளுக்குப் பிரிண்டரைத் திட்டினார்கள். பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. இந்த நோய்க்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ஒரு கருவி நெட்வொர்க்குக்குள் வந்ததும் தானாகவே “நான் வந்துவிட்டேன்” என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பில் கணினிப் பெயர், முகவரி சம்பந்தப்பட்ட பதிவுகளுக்கு வழக்கமான ஆயுள் 120 வினாடி, மற்றவற்றுக்கு 75 நிமிஷம். ஆயுள் முடியும் முன் கேட்பவர் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் தெரிந்து பிறகு மறைகிறது என்றால் அறிவிப்பு வந்து சேர்கிறது, பின்னால் போகும் கேள்வியோ அதற்கான பதிலோ வழியில் தொலைகிறது என்று அர்த்தம்.

தொலைந்த இடம் நடுவில் இருந்த ஸ்விட்ச், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி அதில் இயங்கிக்கொண்டிருந்தது. எந்தத் துளைக்குப் பின்னால் எந்த மல்டிகாஸ்ட் குழுவைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று கவனித்துவைத்து, மற்ற துளைகளுக்கு அனுப்பாமல் விடுவது அதன் வேலை. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கு வருவதை மட்டும் எல்லாத் துளைக்கும் விட்டுவிட வேண்டும் என்பது பொது வழக்கம். எல்லா ஸ்விட்சும் அதை மதிப்பதில்லை. சின்ன அலுவலகத்துக்கு இந்த வசதியால் பெரிய லாபமும் இல்லை. அணைத்தேன், பிரச்சினை போயிற்று. ஐபி வழியாக டிவி பார்க்கும் வீடுகளில் மட்டும் யோசித்து அணைக்க வேண்டும்.

வைஃபையிலேயே இதே போன்ற வேறு தடைகளும் உண்டு. ‘ஏபி ஐசொலேஷன்’, ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்று ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் மாறும். வைஃபையில் இருக்கும் ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாமல் செய்யும் செட்டிங் அது. விருந்தினர் வைஃபையில் இது இருந்தே ஆக வேண்டும், அலுவலக வைஃபையில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து “உங்க பிரிண்டர் என் போன்ல வரலையே” என்றால் அவர் விருந்தினர் வைஃபையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் அது கோளாறே இல்லை. இன்னொன்று, மல்டிகாஸ்ட் வைஃபையில் போகும்போது சாதாரணப் பொட்டலத்தைப் போல ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் திரும்பி வராது. தொலைந்தால் தொலைந்ததுதான். அதனால் சிக்னல் பலவீனமான மூலையில் இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் மட்டும் வந்து வந்து போகும்.

மினி பிசியிலும் ஒரு வேடிக்கை நடந்தது. வேறொரு வேலைக்காக அதில் கன்டெய்னர் மென்பொருள், அதாவது நிரல்களைத் தனித்தனிக் கூடுகளில் ஓட்டுவது, ஏற்றியிருந்தேன். அது தனக்காக 172.17.0.1 என்ற முகவரியோடு ஒரு கற்பனை நெட்வொர்க் கார்டை உண்டாக்கும். அவாஹி எல்லாக் கார்டுகளிலும் பேசும் பழக்கமுள்ளது. ‘கணக்கு.லோக்கல்’ என்று கேட்டால் சில நேரம் சரியான எண், சில நேரம் இந்த 172 எண் என்று பதில் வர ஆரம்பித்தது. அந்த எண் பெட்டிக்கு வெளியே யாருக்கும் பயன்படாது. இங்கே நிலைமை நேர் எதிர்: கண்ணில் படுகிறது, எட்ட முடியவில்லை. அவாஹியின் செட்டிங் கோப்பில் ‘அலௌ-இன்டர்ஃபேசஸ்’ என்ற வரியில் கேபிள் கார்டின் பெயரை மட்டும் எழுதி, டீமனை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. சர்வராக வேலை செய்யும் எந்தப் பெட்டியிலும் இந்த வரியை முதல் நாளே எழுதிவிடுவேன், சிக்கல் வரும்வரை காத்திருப்பதில்லை.

அதே பெட்டி ஒரு நாள் ‘கணக்கு-2.லோக்கல்’ ஆகிவிட்டது. ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும் முன் ஒவ்வொரு கருவியும் கால் வினாடி இடைவெளியில் மூன்று முறை “இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா” என்று கேட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும். இங்கே கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் அதே நெட்வொர்க்கில் இருந்ததால், தன் குரலையே வேறு வழியில் கேட்டு வேறு யாரோ என்று ஏமாந்திருக்கிறது. வைஃபையை அணைத்தேன். ஒரே மெமரி கார்டைப் படியெடுத்து இரண்டு பெட்டியில் போட்டாலும் இதே ‘-2’ வரும். அங்கே அது உண்மையிலேயே இரண்டு பேர்.

போன்களுக்கு வருவோம். ஐஓஎஸ் 14-லிருந்து, உள் நெட்வொர்க்கில் தேட விரும்பும் ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியவருக்கு அந்தச் செயலியில் எதுவும் தெரியாது, பக்கத்து நாற்காலிக்காரரின் போனில் எல்லாம் தெரியும். செட்டிங்கில் ‘பிரைவசி’ பகுதிக்குள் ‘லோக்கல் நெட்வொர்க்’ என்று இருக்கும், அங்கே மாற்றலாம். ஆண்ட்ராய்டில் குழப்பம் வேறு விதம். பன்னிரண்டாம் பதிப்புக்கு முந்தைய பல போன்களில் பிரிண்டர் தெரியும், பிரிண்ட் வரும், ஆனால் பிரவுசரில் ‘கணக்கு.லோக்கல்’ என்று அடித்தால் திறக்காது. செயலிகள் தேடுவது ஒரு வழி, பிரவுசர் பெயரைத் தேடுவது இன்னொரு வழி. பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு ஐபி எண்ணைக் கொடுத்துவிடுவதே நேர்மை.

அதனால்தான் பெயர் வந்துவிட்டது என்று எண்ணை முழுக்கக் கைவிடவில்லை. ரவுட்டரில் மினி பிசிக்கும் பிரிண்டருக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டிருக்கிறேன், அதாவது ரவுட்டர் அந்த இரண்டுக்கும் எப்போதும் அதே எண்ணைக் கொடுக்கும். கருவிக்குள் போய் நிலையான ஐபி எழுதுவதைவிட இது நல்லது, மாற்ற வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் மாற்றலாம். பெரிய பிரிண்டரின் ‘ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பு’ என்ற வசதிக்கு இது கட்டாயம் தேவைப்பட்டது. அந்தப் பிரிண்டர் தன் பெயரை ஊருக்கெல்லாம் எம்டிஎன்எஸ்-இல் அறிவிக்கும், ஆனால் பிறருடைய ‘.லோக்கல்’ பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாது. பேசத் தெரிந்த எல்லாவற்றுக்கும் கேட்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏதாவது தெரியவில்லை என்று அழைப்பு வந்தால் இப்போது நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் அதே கம்பியில், அதே ஸ்விட்சில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ‘அவாஹி-பிரவுஸ்’ கட்டளையை ஓட்டி, கருவி அறிவிக்கிறதா என்று பார்ப்பேன். மேக் இருந்தால் ‘டிஎன்எஸ்-எஸ்டி’ கட்டளை. அங்கே தெரிந்தால் கருவியில் குறையில்லை, வழியில்தான் குறை. அடுத்து புகார் சொன்னவர் நிற்கும் அதே வைஃபையில் அதே தேடல். கம்பியில் தெரிந்து வைஃபையில் தெரியாவிட்டால் ஸ்விட்ச், ஐசொலேஷன், இரண்டாவது ரவுட்டர், இந்த மூன்றில் ஒன்று. இரண்டு இடத்திலும் பெயர் வந்து எண் வரவில்லை என்றால், அல்லது விநோதமான எண் வந்தால், அந்தக் கருவியின் கார்டுகளைப் பார்ப்பேன். எண்ணும் சரி, போர்ட் மட்டும் திறக்கவில்லை என்றால் ஃபயர்வால். ஒன்றும் பிடிபடாதபோது, நெட்வொர்க்கில் ஓடும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து 5353 போர்ட்டை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் கேள்வி போகிறதா, பதில் வருகிறதா என்று கண்ணாலேயே தெரியும். போனில் போன்ஜூர் சேவைகளைப் பட்டியலிடும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் மாடிப்படி ஏறி இறங்கும்போதே பாதிச் சோதனை முடிந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், இந்த முறையில் பேசுபவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. நெட்வொர்க்குக்குள் வந்த எவரும் ‘மாடி பிரிண்டர்’ என்று தன்னை அறிவித்துக்கொள்ளலாம். எனவே யாரை உள்ளே விடுகிறோம் என்பதுதான் காவல், விருந்தினர் வைஃபையைத் தனியே வைப்பது அதற்காகத்தான். 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் கப்ஸ் குடும்பத்தில் உள்ள ‘கப்ஸ்-பிரவுஸ்ட்’ என்ற துணை மென்பொருளின் ஓட்டையை வெளியிட்டார். அது யூடிபி 631-இல் யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டு, அவர் சொல்லும் பிரிண்டர் முகவரியை நம்பித் தொடர்புகொள்ளும். வேறு ஓட்டைகளோடு சேர்ந்தால் கணினியில் கட்டளை ஓட்டும் அளவுக்குப் போகலாம். எங்கள் அலுவலக லினக்ஸ் பெட்டியில் அந்தத் துணை மென்பொருளை எடுத்துவிட்டேன். எம்டிஎன்எஸ் பிரிண்டர் பகிர்வுக்கு அது தேவையே இல்லை, எடுத்த பிறகும் எல்லாம் முன்போலவே ஓடுகிறது. 5353 போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடும் யோசனை யாருக்காவது வந்தால் அதையும் கைவிடச் சொல்லுங்கள்.

சிசிடிவி பெட்டியைத் தனி வீலேனில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்கில்) போட வேண்டும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். நல்ல ஆலோசனைதான். பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கேட்காது. கேட்க வேண்டுமானால் இரண்டிலும் கால் வைத்திருக்கும் ஒரு பெட்டியில் அவாஹியின் ‘ரிஃப்ளெக்டர்’ வசதியை இயக்கி, இந்தப் பக்கக் குரலை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வைக்கலாம். பெரிய நிறுவனங்களில் செய்கிறார்கள். ஆனால் ரிஃப்ளெக்டர் குரலை மட்டும்தான் கடத்தும். அதன் பிறகு உண்மையான இணைப்புக்கு ஃபயர்வாலில் தனியே வழி விட வேண்டும். கண்ணில் பட்டும் எட்டாத நிலை இங்கேயும் வரும். இந்த அளவு அலுவலகத்துக்கு ரிஃப்ளெக்டர் தேவையில்லை என்பது என் எண்ணம். கேமராக்களைப் பிரித்தேன், பிரிண்டர்களையும் கோப்புப் பெட்டியையும் ஊழியர்கள் இருக்கும் பக்கமே விட்டுவிட்டேன். கேமராக்களை யாரும் பிரிண்டர் பட்டியலில் தேடப் போவதில்லை. ஓன்விஃப் என்ற பொதுத் தரத்தில் உள்ள கேமராக்கள் டபிள்யூஎஸ்-டிஸ்கவரியில்தான் பேசும், அவற்றைப் பதிவுப் பெட்டி தன் பக்கத்திலேயே கண்டுகொள்கிறது.

உள் நெட்வொர்க்குக்கு டொமைன் பெயர் வைக்கப் போகிறவர்கள் அதை ‘.லோக்கல்’ என்று முடிக்க வேண்டாம். பழைய விண்டோஸ் சர்வர் வழிகாட்டிகளில் அப்படி எழுதியிருக்கும், அந்தக் காலத்தில் அது வழக்கம். 2013-க்குப் பிறகு அந்த விகுதி எம்டிஎன்எஸ்-க்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எந்தப் பெயருக்கு யார் பதில் சொல்வது என்று கணினிக்குக் கணினி நடத்தை மாறும்.

ரவுட்டரை மாற்ற மறுபடி ஆள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகவரி வரிசை பழையபடி 192.168.1 என்றே இருக்க வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதே. அலுவலக வைஃபையில் ஐசொலேஷன் அணைந்திருக்க வேண்டும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் கம்பி இணைப்பும் ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும். மாடிக் கேபிளைப் பிடுங்கி ‘வான்’ துளையில் மாட்டக் கூடாது. இவ்வளவையும் பார்த்துவிட்டு, மாடியில் ஒரு போனிலிருந்து கீழ்த்தளப் பிரிண்டருக்கும், கீழே ஒரு கணினியிலிருந்து மாடிப் பிரிண்டருக்கும் ஒவ்வொரு பக்கம் அடித்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகுதான் வந்தவரை அனுப்ப வேண்டும்.